வறண்ட கிணற்றுக்கு வந்த மவுசு

முனீஸ்வரியின் கிணற்றுக்கு அரசாங்கத்தார் மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டுப் போன அன்றைக்கு, பாண்டீஸ்வரி வீட்டுக் குழம்பில் உப்பு கூடிப்போனது. அவள் புருஷன் சங்கையா ஒரு வாய் வைத்தான், குழம்புச் சோற்றை ஓரமாக ஒதுக்கினான், மிச்சத்துக்கு மோரை ஊற்றிக்கொண்டான். அந்த வீட்டில் குழம்பு எப்போது கரிக்கும், யாரால் கரிக்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

முனீஸ்வரி வேறு யாருமில்லை, சங்கையாவின் தம்பி சமுத்திரத்தின் பெண்டாட்டி. பாண்டீஸ்வரிக்கு ஓரகத்தி. சுந்தரபாண்டியத்துக்கு மேற்கே அப்பன் விட்டுப்போன நிலத்தை அண்ணனும் தம்பியும் வகுந்துகொண்டபோது ஆளுக்கொரு கிணறு வந்தது. அண்ணன் பங்குக் கிணற்றில் சித்திரை வெயிலிலும் தண்ணீர் கிடக்கும். தம்பி பங்குக் கிணற்றில் கிடந்தது ஒரு சைக்கிள் டயரும், என்றைக்கோ முனீஸ்வரி கோபத்தில் விட்டெறிந்த ஈயச்சட்டியும்தான். மேலே அப்பன் காலத்து மோட்டார் ஒன்று ஓட்டமில்லாமல் கிடந்தது. அண்ணன் வீட்டில் தீவனப் புல்லும் நாலு மாடுகளும் இருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடைக்காரர் வாசலுக்கு வந்து பால் எடுத்துப் போவார். தம்பி சமுத்திரம் ராஜபாளையம் மில்லுக்கு ஷிப்டு வேலைக்குப் போனான். ஆக, பொறாமைப்பட வேண்டியவள் முனீஸ்வரி. அவளும் குறை வைக்காமல் பட்டுக்கொண்டுதான் இருந்தாள். பாண்டீஸ்வரி அதைப் பார்த்துப் பார்த்தே நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி வந்தாள்.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த குடும்பத்தைத்தான் நிலத்தடி வளப் பேராய்வு நிறுவனம் வந்து தலைகீழாக்கியது.

முதலில் வந்தது அந்த நிறுவனத்தின் ராஜபாளையம் பிரிவு. ஜீப்பில் இருந்து இறங்கிய அம்மாதான் அதன் தலைவர், முதுநிலை விஞ்ஞானி டாக்டர் ஞானரத்தினம். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, மலையேறுகிற பூட்ஸ். நேராகப் பாண்டீஸ்வரியின் கிணற்றுக்குத்தான் வந்தார். எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது.

"என்னம்மா, இதில் தண்ணீர் இருக்கிறதே!"

"கெணத்துல தண்ணி இல்லாம பொறவு என்ன இருக்கும் மேடம்?" என்றாள் பாண்டீஸ்வரி.

"உங்களுக்குப் புரியாது. தண்ணீர் இருந்தால் ஏறும், இறங்கும். இந்த மாதம் ஓர் அளவு, அடுத்த மாதம் வேறோர் அளவு. ஏன் மாறியது என்று மேலிடத்தில் கேட்பார்கள். நாங்கள் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கெல்லாம் எங்களுக்கு எங்கே நேரம்? நிலத்தடி நீர் ஆராய்ச்சிக்குப் பெரிய தொந்தரவே இந்த நீர்தான்."

அப்படியே வரப்பைத் தாண்டி முனீஸ்வரியின் கிணற்றுக்குப் போனார். டயரைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். "அற்புதம்!" என்றார். "எத்தனை வருஷமாக இப்படி?"

"நான் வாக்கப்பட்டு வந்த நாளையிலருந்து இதே கெதிதான் மேடம்" என்றாள் முனீஸ்வரி, அழுகிற குரலில்.

"கேட்டீர்களா? எவ்வளவு நிலையான தரவு!" என்று டாக்டர் ஞானரத்தினம் உடன் வந்தவர்களிடம் சொன்னார். அவர்கள் கைதட்டினார்கள்.

ஒரு வாரத்துக்குள் சுற்றுச்சுவர் வந்தது, மஞ்சள் பெயிண்ட் வந்தது, மாதாமாதம் நீர்மட்டம் அளக்கப்போகிற கிணறு என்பதற்கு அடையாளமாக 'தேசியக் கூர்நோக்குக் கிணறு' என்று போர்டு வந்தது. கிணற்றுக்கு மாலை போட்டார்கள். முனீஸ்வரி அளவுநாடாவின் ஒரு நுனியையும் டாக்டர் ஞானரத்தினம் மறுநுனியையும் பிடித்துக்கொண்டு நிற்கிற போட்டோ பேப்பரில் வந்தது. அந்தப் பேப்பரை முனீஸ்வரி நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, பால் வாங்கப் போகிற இடத்தில், ரேஷன் கடையில், பஸ் ஸ்டாப்பில் என்று விரித்து விரித்துக் காட்டினாள். மடிப்பில் அவள் மூக்கு கிழிந்துபோகிற வரைக்கும் காட்டினாள்.

பாண்டீஸ்வரிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. மறைப்பானேன், பொறாமைதான். பச்சைப் பொறாமை. தண்ணீர் இல்லாத கிணற்றுக்கு மாலையும் மரியாதையுமா? அப்படியானால் தண்ணீரோடு கிடக்கிற கிணறு என்ன பாவம் செய்தது?

அதோடு போயிருந்தாலாவது ஒருவழியாகப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது அடுத்த மாதம் நடந்தது.

அளக்கிற முறை என்னவென்றால், இரும்பு நாடாவின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்துக் கிணற்றுக்குள் விடுவார்கள். எந்த இடம் வரைக்கும் சாக்பீஸ் நனைந்திருக்கிறதோ அதுதான் நீர்மட்டம். முனீஸ்வரி கிணற்றில் விட்ட நாடா போனபடியே வெள்ளை வெளேரென்று திரும்பி வந்தது. தணிக்கை செய்ய வந்தவர் ஒரு சந்தேகம் கேட்டாராம். நாடா நனையவில்லை என்றால் கிணறு வறண்டது என்று பொருளா, நாடா பழுது என்று பொருளா? நாடா நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு என்ன அத்தாட்சி? ராஜபாளையம் பிரிவு முழுக்கக் கூடி யோசித்து ஒரு வழி கண்டது. அளப்பதற்கு முன்னால் வறண்ட கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, நாடா நனைகிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டியது.

அந்தத் தண்ணீருக்கு அவர்கள் வந்து நின்றது பாண்டீஸ்வரியிடம்.

"அம்மா, உங்கள் கிணற்றில் ரெண்டு குடம் கொடுங்கள். ஆராய்ச்சிக்கு."

அரசாங்கம் கேட்கிறதே என்று கொடுத்தாள். அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் அங்கே ஊற்றினார்கள். நாடா நனைந்தது. கைதட்டினார்கள். மறுமாதம் நாலு குடம். அதற்கு மறுமாதம் மோட்டாரைப் போட்டு ஓஸ் இழுத்தே விடச் சொன்னார்கள். முனீஸ்வரி கிணற்றில் நீர்மட்டம் படிப்படியாக உயர்கிறது என்று பேப்பரில் திரும்பவும் போட்டோ வந்தது.

"எங் கெணத்துத் தண்ணி! என் ஓஸு! நான் போட்ட மோட்டாரு! போட்டோ மட்டும் அவளுக்கு!" என்று பாண்டீஸ்வரி முற்றத்தில் நின்று கத்தினாள். "எம்புட்டு அநியாயம் இது! நேத்து வந்தவ அவ!"

"அவ வந்தும் பத்துப் பன்னெண்டு வருசமாச்சுட்டி" என்றான் சங்கையா.

"நீங்க பேசாதீக. மோரை ஊத்திச் சாப்பிடுங்க."

அவளுக்கு ஒரு துப்புக் கிடைத்தது பால்கோவாக் கடைக்காரர் வாயிலாகத்தான். அதே நிறுவனத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒரு பிரிவு இருக்கிறது, மடவார் வளாகத்தில் வாடகை வீட்டில் இருக்கிறது என்றார். இவ்வளவு கிட்டத்தில் எதற்கு இரண்டு ஆபீஸ் என்று கேட்டால், ஆதியில் ஒன்றுதான். டாக்டர் ஞானரத்தினமும் டாக்டர் விஜயபாண்டியும் ஒரே வருஷம் பட்டம் வாங்கி, ஒரே நாள் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே அறையில் யார் மேஜை ஜன்னல் பக்கம் என்பதில் தகராறு முற்றி, பூமிக்கடியில் பாறை இரண்டாகப் பிளந்திருக்கிறது என்று அறிக்கை எழுதி, ஆபீஸையும் இரண்டாகப் பிளந்துகொண்டார்கள். அந்தப் பிளவு எங்கே ஓடுகிறது என்று வரைபடத்தில் கோடு போட்டபோது, அது அண்ணன் தம்பி நிலத்துக்கு நடுவே இருந்த வரப்பின் மேலேயே விழுந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் ராஜபாளையம் பிரிவு. இந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிரிவு. டாக்டர் ஞானரத்தினம் முதல் நாள் இவள் கிணற்றை எட்டிப் பார்த்ததே எல்லை தாண்டி வந்துதான்.

பாண்டீஸ்வரி நல்ல சேலையாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மடவார் வளாகத்து ஆபீஸில் நுழைந்ததும் மழை அளக்கிற கருவிதான் கண்ணில் பட்டது. கூடத்துக்குள், மின்விசிறிக்குக் கீழே வைத்திருந்தார்கள். வெளியே வைத்தால் மழையில் நனைந்து துருப்பிடித்துவிடும் என்று வாசலில் இருந்தவர் விளக்கினார். பக்கத்துச் சுவரில் 'கழிவறையில் தண்ணீர் இல்லை' என்று எழுதி ஒட்டியிருந்தது. அந்தத் தாள் மஞ்சள் பூத்துப்போயிருந்தது.

டாக்டர் விஜயபாண்டியின் மேஜையில் முனீஸ்வரியின் போட்டோ வந்த பேப்பர் கிடந்தது. டாக்டர் ஞானரத்தினத்தின் முகத்தில் பேனாவால் மீசை வரைந்திருந்தது.

"பார்த்தீர்களா அம்மா?" என்றார் அவர், எடுத்த எடுப்பில். "ஒரு வறண்ட கிணற்றை வைத்துக்கொண்டு இந்த ஆட்டம் ஆடுகிறார்கள். என்னிடம் நிலத்தடி நீர் பற்றி ஒன்பது அலமாரி கோப்பு இருக்கிறது. ஆனால் ஒரு கிணறு கூடக் கிடையாது. மாதாந்திரக் கூட்டத்தில் 'எங்கள் கிணறு, எங்கள் கிணறு' என்று அந்த அம்மா பேசும்போது என் நெஞ்சு என்ன பாடுபடும் தெரியுமா? ராத்திரி சோறு இறங்கவில்லை."

பாண்டீஸ்வரிக்குக் கூடப்பிறந்தவரைக் கண்ட மாதிரி இருந்தது. இப்படி மனம்விட்டுப் பேச அவளுக்கு ஊரில் ஓர் ஆள் அகப்படவில்லை.

"சார், எங் கெணறு இருக்கு சார். தண்ணியோட இருக்கு. நீங்க எடுத்துக்கோங்க."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "ஆனால் ஒரு நிபந்தனை. கூர்நோக்குக் கிணறு என்றால் அது இயற்கை நிலையில் இருக்க வேண்டும். மனிதத் தலையீடு கூடாது."

"அப்படின்னா சார்?"

"தண்ணீர் எடுக்கக் கூடாது."

அந்த நேரம் அவளுக்கு மாடு ஞாபகம் வந்திருக்க வேண்டும். புல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வந்தது முனீஸ்வரியின் முகம்தான்.

"போர்டு எம்புட்டுப் பெருசு சார் வைப்பீக?"

"ராஜபாளையம் போர்டை விட ஓர் அடி பெரியது!"

"சரி சார்" என்றாள் பாண்டீஸ்வரி.

போர்டு வந்தது. பெயிண்டும் வந்தது. அங்கே மஞ்சள் என்பதால் இங்கே நீலம். மோட்டார்ப் பெட்டிக்குப் பெரிய பூட்டுப் போட்டு டாக்டர் விஜயபாண்டி சாவியைத் தன் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டார். முனீஸ்வரி வரப்பில் நின்று பார்த்தாள். மூஞ்சியில் ஈயாடவில்லை. அன்றைக்குப் பாண்டீஸ்வரி வைத்த குழம்பை சங்கையா இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டுத்தான் கேட்டான்.

"மாட்டுக்கு என்னட்டி செய்ய?"

"புல்லு ஈரத்துல கொஞ்ச நாள் தாங்கும். மழை வரும்."

மழை வரவில்லை. புல் மஞ்சளாகி, பிறகு வைக்கோல் மாதிரி ஆனது. கடையில் வைக்கோல் வாங்கிப் போட்டார்கள். மாடுகள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தன. பாலைக் கொதிக்க விட்டால் கோவா திரளவில்லை என்று கடைக்காரர் முணுமுணுத்தார். மைனா என்கிற செவலை மாடு, அவளைக் கண்டால் கன்றுக்குட்டி மாதிரி ஓடிவருவது, இப்போது கட்டுத்தறியில் நின்றபடியே தலையை மட்டும் தூக்கியது. பாண்டீஸ்வரி போய்ப் பூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்படியே தலையைத் தூக்கினால் ஓர் அடி பெரிய போர்டு தெரியும். திரும்பி வந்துவிடுவாள்.

டாக்டர் ஞானரத்தினம் சும்மா இருப்பாரா? நாடா சோதனைக்கு ஓஸ் கேட்டபோது, வேறு பிரிவின் தண்ணீரைத் தொட டெல்லி அனுமதி வேண்டும் என்று டாக்டர் விஜயபாண்டி மறுத்துவிட்டார். அதனால் அந்த அம்மா டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து முனீஸ்வரி கிணற்றுக்குள் கவிழ்த்தார். ஒரு லாரிதான் முதலில். கிணறு நிறைவது பேப்பரில் வந்ததும் தினம் ஒரு லாரி. வாழ்க்கையில் முதல் தடவையாக முனீஸ்வரி தன் கிணற்றில் தன் முகத்தைப் பார்த்தாள். அதிலிருந்து ஒரு செம்பு மொள்ள அவளுக்கும் அனுமதி இல்லை. மழையை நம்பி அந்த வருஷம் அவள் வைத்த எலுமிச்சங்கன்றுகள் கிணற்றுக்குப் பக்கத்திலேயே நின்று காய்ந்தன.

அங்கே மட்டம் ஏறுவதைக் கேட்ட டாக்டர் விஜயபாண்டிக்குக் காதில் புகை வந்தது. தன் கிணற்றில் ஒரு சொட்டும் குறையக் கூடாது என்று வெயில் படாமல் கூரை போட்டார். குருவி குடிக்கக் கூடாது என்று வலை போட்டார். அப்போதும் மட்டம் ஆடுகிறது என்று ஆராய்ந்து பார்த்ததில் தவளைகள் குதிப்பதுதான் காரணம் என்று முடிவாயிற்று. டெண்டர் விட்டுத் தவளை பிடிக்க ஆள் வைத்தார். பிடித்த தவளைகளை எங்கே விடுவது? வரப்புக்கு அந்தப் பக்கம் ராஜபாளையம் பிரிவு அல்லவா, அங்கே விட்டார்கள். அவை முனீஸ்வரி கிணற்றில் குதித்தன. டாக்டர் ஞானரத்தினத்தின் ஆட்கள் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். இப்படி ஒரு மாதம் முழுக்க அந்தத் தவளைகள் அரசுச் செலவில் போய் வந்துகொண்டிருந்தன.

இந்த நிலையில்தான் நிறுவனத்தின் தலைமை இயக்குநர் பொன்னுராஜ் டெல்லியில் இருந்து வந்து இரண்டு கிணறுகளையும் நேரில் ஆய்வு செய்யப்போகிறார் என்று தாக்கீது வந்தது. எது சிறந்த கிணறோ அதன் பிரிவுத் தலைவருக்குப் பதவி உயர்வு. அந்தக் கிணற்றுக்காரருக்குச் சால்வை.

இயக்குநர் வருகிற அன்றைக்குத்தான் மாட்டுத் தரகரும் வந்தார். சங்கையா வரச் சொல்லியிருந்தான். "மிச்ச மூணையாவது காப்பாத்தணும்ல. மைனாவ குடுத்துருவோம். நீ சால்வைய வாங்கிக்கோ" என்றான். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று இருந்தது.

ரோட்டோரத் தென்னந்தோப்பில் பந்தல் போட்டு மைக் கட்டியிருந்தார்கள். மாட்டைத் தரகர் பிடித்துக்கொண்டு போவதைப் பார்க்காமல் இருக்கவாவது செய்யலாம் என்று பாண்டீஸ்வரி பந்தலில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். இயக்குநர் பேசினார்.

"நான் இந்தத் துறையில் முப்பத்தோராவது ஆண்டில் இருக்கிறேன். இதுவரை ஒரு கிணற்றையும் நேரில் பார்த்ததில்லை. பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்பது என் கொள்கை. இன்று அந்தக் கொள்கையைத் தியாகம் செய்கிறேன். இந்த இரண்டு தாய்மார்களும் தங்கள் கிணற்றைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள். நாட்டு மக்கள் அனைவரும் இப்படித் தண்ணீரைப் பயன்படுத்துவதை அறவே நிறுத்திவிட்டால், தண்ணீர்ப் பஞ்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நம் வரைபடங்கள் எல்லாம் நீல நிறமாகிவிடும்."

கைதட்டல் ஓய்ந்ததும் சாப்பாடு. சாப்பிட்ட பிறகு அளவு. இலை போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் பாண்டீஸ்வரி கவனித்தாள், பக்கத்து நாற்காலியில் முனீஸ்வரியைக் காணோம்.

மெல்ல எழுந்து வரப்புப் பக்கம் வந்தாள். மைக் செட் பாட்டையும் மீறி ஒரு சத்தம் கேட்டது. மோட்டார்ச் சத்தம். முனீஸ்வரியின் மோட்டார். வறண்ட கிணற்று மோட்டாரைப் பூட்ட வேண்டும் என்று எந்த விஞ்ஞானிக்கும் தோன்றியிருக்கவில்லை. குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. முனீஸ்வரி பட்டுச் சேலையை முழங்கால் வரைக்கும் வரிந்து கட்டிக்கொண்டு எலுமிச்சங்கன்றுகளுக்குப் பாத்தி திருப்பிக்கொண்டிருந்தாள். லாரித் தண்ணீர், டயர் வாசனையோடு, கன்று கன்றாக ஓடியது.

பாண்டீஸ்வரிக்குத் தலை கிறுகிறுத்தது. பாவி! அவள் மட்டும் தண்ணீர் எடுப்பாளா? நான் மட்டும் மாட்டைப் பறிகொடுத்துவிட்டுக் கிணற்றைக் காவல் காப்பேனா? போர்டு, சால்வை, போட்டோ எல்லாம் அந்த நிமிஷம் அவள் கண்ணில் இருந்து மறைந்துபோயின. தெரிந்ததெல்லாம் ஓரகத்தியின் தோட்டத்து ஈரம். ஓடிப்போய்க் கடப்பாரையை எடுத்தாள். அரசாங்கப் பூட்டை மூன்றே இடியில் பிளந்தாள். சுவிட்சைத் தட்டியதும் குழாய் இருமி, துருவைக் கக்கி, பிறகு கொட்டியது.

வாசலில் தரகர் மைனாவின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"விடுய்யா கயித்தை! மாடு குடுக்கலை, போ!"

"ஏம்மா, பேசி முடிச்சாச்சுல்ல?"

"எவ பேசினா? போய்யாங்கேன்ல!"

கயிற்றைப் பிடுங்கி மாட்டை வாய்க்காலுக்கே கொண்டுபோய் விட்டாள். மைனா மூக்கு முங்கக் குடித்தது. பாண்டீஸ்வரி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, அந்தப் பக்கத்து மோட்டார் இன்னும் ஓடுகிறதா என்று காது கொடுத்தும் கேட்டுக்கொண்டாள்.

பாயசம் முடிந்து அதிகாரிகள் வந்தார்கள். அதற்குள் இரண்டு மோட்டாரும் நின்றிருந்தன. இரண்டு பெண்களும் சேலையைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் தெரியாதவர்களாக அவரவர் கிணற்றடியில் நின்றார்கள். உடைந்த பூட்டைப் பாண்டீஸ்வரி முந்தானையில் மறைத்திருந்தாள். முனீஸ்வரி அதைப் பார்த்துவிட்டாள்.

நாடாவை விட்டார்கள். முனீஸ்வரி கிணற்றில் மட்டம் ஓர் ஆள் உயரம் இறங்கியிருந்தது. டாக்டர் விஜயபாண்டி சத்தமாகவே சிரித்தார். பாண்டீஸ்வரி கிணற்றில் விட்டார்கள். அங்கேயும் ஏறக்குறைய அதே அளவு இறங்கியிருந்தது. இப்போது டாக்டர் ஞானரத்தினம் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்திவிட்டு இயக்குநர் முகத்தைப் பார்த்தார்கள்.

இயக்குநர் நெற்றியைத் தடவிக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தார். பூட்ஸ் கால் சேற்றில் கணுக்கால் வரை புதைந்தது. காலைத் தூக்கிப் பார்த்தார். இந்தப் பக்கம் புல் பாத்தியில் ஈரம், அந்தப் பக்கம் எலுமிச்சைப் பாத்தியில் ஈரம்.

"வெயில் இப்படி அடிக்கிறது. இந்த ஈரம் எப்படி வந்தது?"

இரண்டு விஞ்ஞானிகளுக்கும் தெரியவில்லை. பாண்டீஸ்வரியும் முனீஸ்வரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இயக்குநரின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"புரிந்துவிட்டது! இரண்டு கிணறும் ஒரே நேரத்தில், ஒரே அளவு இறங்கியிருக்கின்றன. நடுவிலே நீர் கசிந்து மேலே வந்திருக்கிறது. ஆகவே பூமிக்கடியில் பிளவு என்பதே கிடையாது. இவை இரண்டு கிணறுகள் அல்ல. இரண்டு வாய் கொண்ட ஒரே கிணறு! ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு இதற்கு முன் நடந்ததில்லை."

டாக்டர் ஞானரத்தினமும் டாக்டர் விஜயபாண்டியும் தாங்கள் வெகுநாளாகச் சந்தேகித்ததும் இதைத்தான் என்றார்கள். இருவருக்கும் அங்கேயே பதவி உயர்வு அறிவிக்கப்பட்டது. கண்டுபிடித்தாகிவிட்டதால் இனி இந்தக் கிணறுகளால் அறிவியலுக்குப் பயனில்லை என்று போர்டுகளைக் கழற்றி ஜீப்பில் போட்டுக்கொண்டு போனார்கள். இருந்தது ஒரே சால்வைதான். கிணறு ஒன்றே என்று ஆகிவிட்டபடியால் அதை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் இயக்குநரே போர்த்திக்கொண்டார்.

பதவி உயர்வுக் குஷியில் டாக்டர் விஜயபாண்டி பூட்டையே மறந்துபோனதால் வழக்கு வரவில்லை, மாடு போகவில்லை, தண்ணீர் திரும்பவும் தன்னுடையது. பாண்டீஸ்வரி அன்றைக்கு நிம்மதியாகப் படுத்தாள்.

விடிந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டுப் புல் பாத்திக்கு வந்தால், வாய்க்காலின் குறுக்கே அவள் கொழுந்தன் சமுத்திரம் மண்வெட்டியோடு நிற்கிறான். பக்கத்தில் முனீஸ்வரி. அவள் கையில் அன்றைய பேப்பர்.

"மதினி, ஒரு நாள் ஒங்களுக்கு, ஒரு நாள் எங்களுக்குன்னு வச்சிக்கிருவோம். இன்னைக்கு எங்க முறை" என்றான் சமுத்திரம். சொல்லிக்கொண்டே மடையை வெட்டினான்.

"ஏலே, என்ன பேசுத? எங் கெணத்துத் தண்ணிய நீ எப்படிலே திருப்புவ?"

"ஒங் கெணறு, எங் கெணறுன்னு ரெண்டு கெடையாதுக்கா" என்றாள் முனீஸ்வரி, பேப்பரை விரித்துக்கொண்டே. "ஒரே கெணறுதானாம், வாய்தான் ரெண்டாம். டெல்லிக்காரவுகளே அளந்து பாத்துச் சொல்லிட்டாக. அதுல பாதி எங்க பங்கு."

"அடி பாதகத்தி! அது மோட்டாரு போட்டதுனாலதானட்டி எறங்குச்சு! நீ போட்ட, நானும்..."

பாண்டீஸ்வரியின் கை தானாக முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

"சொல்லுங்கக்கா" என்றாள் முனீஸ்வரி. "நான் போட்டேன், எம் மோட்டாருக்குப் பூட்டு இல்ல. நீங்க எப்படிப் போட்டீக? அதையும் சொல்லுங்க, நாலு பேரு கேக்கட்டும். அரசாங்கப் பூட்டுன்னா சும்மாவா?"

சங்கையா சாணிக் கூடையோடு வந்து நின்றவன், பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான், தம்பியின் மண்வெட்டியைப் பார்த்தான், தொழுவத்துக்குப் போய்விட்டான்.

தண்ணீர் மடை திரும்பி எலுமிச்சங்கன்றுகளைப் பார்க்க ஓடியது. முனீஸ்வரி கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "நல்ல தண்ணிக்கா, லாரித் தண்ணி மாதிரி இல்ல" என்றாள். பாண்டீஸ்வரி வாய்க்கால் கரையில் சப்பென்று உட்கார்ந்தாள். வயிறு பழையபடி எரிய ஆரம்பித்தது. நாளைக்குத் தன் முறை. நாளைக்குக் கரண்டு இருக்க வேண்டுமே, முனீஸ்வரி பங்குக்கு இன்றைக்கு எம்புட்டு நேரம் ஓடுகிறதோ அம்புட்டு நேரம் நாளைக்கும் ஓட வேண்டுமே என்று, ஓடுகிற தண்ணீரையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.